"ஒயில ஊத்தி ஓட்டு" என்று சொன்ன முதலாளி: பழைய உழவு இயந்திரத்தின் ஸ்டியரிங்கும் நமது முதலும்

2018ஆம் ஆண்டு பெரும்போக அறுவடை மும்முரமாக நடந்து கொண்டிருந்த நேரம். எனது பழைய மெசி பேர்கசன் 240 மெசின், வெட்டு முடிந்த வட்டைகளிலிருந்து நெல் மூட்டை ஏற்றி ஆலைக்குக் கொண்டு வருகின்ற வாடகையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஒரு மெசின் ஒரு நாள் நின்றாலும் வாடகை அடுத்தவனுக்குப் போய்விடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் சாரதி கடைக்கு வந்து சொன்னார்.

"காக்கா, ஸ்டியரிங் ஹோஸ் கசியுது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒயில் ஊத்த வேண்டிக் கிடக்கு. மாத்தினா நல்லம்."

"வெட்டு முடியட்டும் தம்பி, மறுகா பாப்பம். இப்பைக்கு ஒயில ஊத்தி ஓட்டு" என்றேன் நான்.

நான்கு நாட்கள் கழித்து, இறக்காமத்துப் பக்கம் வாய்க்கால் கட்டு வழியாக மூட்டைப் பெட்டியோடு வரும்போது, மதகடியில் திருப்புகின்ற இடத்தில் அந்த ஹோஸ் வெடித்தது. சாரதி ஸ்டியரிங்கைச் சுற்றச் சுற்ற அது சும்மா சுற்றியது. முன் சில்லுகள் திரும்பவில்லை. பின்னால் பாரம் தள்ளுகிறது. இரண்டு பிரேக்கையும் ஒன்றாக மிதித்து அவர் மெசினை நிறுத்தியபோது ஒரு முன் சில்லு கட்டின் ஓரத்தைத் தாண்டி வாய்க்காலுக்கு மேல் நின்றது. மூட்டைகளின் மேல் 3 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பாடசாலையை விட்டு அந்த வருடம்தான் வேலைக்கு வந்த பையன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை சாரதி வந்து மெசின் சாவியை எனது மேசையில் வைத்துவிட்டு, "ஹோஸ மாத்தின மறுகா கூப்பிடுங்க காக்கா, வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அந்த ஹோஸின் விலை மெசினின் ஒரு நாள் வாடகையை விடக் குறைவு.

வியாபாரப் பக்கத்தில் மெசின் கதை எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கலாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், பொத்துவில், கிண்ணியா, மூதூர் என்று எமது ஊர்களில் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் சொந்த வயலுக்காக மட்டும் அதை வைத்திருப்பதில்லை. உழவுக்கு வாடகை, நெல் ஏற்ற வாடகை, மணல், செங்கல், விறகு என்று வருடம் முழுவதும் அது உழைக்கிறது. கடையில் முதல் போட்டவருக்குச் சரக்கு எப்படியோ, மெசினில் முதல் போட்டவருக்கு மெசின் அப்படி. சரக்கை எலி தின்னாமல் பார்க்கிறோம். மெசினைத் தண்ணீரும் அழுக்கும் தின்பதை மட்டும் பார்க்காமல் விட்டு விடுகிறோம்.

எந்த ஒயில் எங்கே இருக்கிறது?

எமது பக்கத்தில் இன்றும் ஓடுகின்ற பழைய மெசின்களில் மெசி பேர்கசன் 35, 135, 240 ஆகியவையும், சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டஃபே கம்பனியின் மெசின்களும் அதிகம். 135 வகை 1964இல் வெளிவந்தது. 3 சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின். ஐம்பது அறுபது வருடம் போன இந்த வகை மெசின் இன்னும் சேற்றில் இறங்குகிறது என்றால் அதன் இரும்பு அப்படி. அதற்குள் ஓடும் ஒயிலுக்கு அந்த ஆயுள் கிடையாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

இந்த மெசின்களில் 3 இடங்களில் ஒயில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இன்ஜின் ஒயில். இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பின்பக்க ஒயில். ஹரி பேர்கசன் 1946இல் கொவென்ட்ரி நகரில் செய்விக்கத் தொடங்கிய சாம்பல் நிறச் சின்ன மெசின் காலத்திலிருந்து வருகின்ற அமைப்பு இது. கலப்பையைத் தூக்குகின்ற ஹைட்ரோலிக் பம்ப், மெசினின் நடுப்பெட்டிக்குள்ளேயே ஒயிலில் மூழ்கி இருக்கும். கியர்பெட்டி, நடுப்பெட்டி, பின் அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில்தான். 135 வகையில் இது சுமார் 30 லீற்றர் பிடிக்கும். கியருக்கு எண்ணெய் என்று நாம் நினைப்பதுதான் கலப்பையைத் தூக்குகின்ற சக்தியும். அது கெட்டால் இரண்டும் கெடும்.

மூன்றாவது ஸ்டியரிங் ஒயில். ஹைட்ரோலிக் ஸ்டியரிங் உள்ள பழைய மெசிகளில் இன்ஜினோடு பொருத்திய தனிப் பம்பும் அதற்கென்று ஒரு சிறிய ஒயில் குவளையும் இருக்கும். வேறு சில இன மெசின்களில் பின்பக்க ஒயிலையே ஸ்டியரிங்கும் பாவிக்கும். உங்கள் மெசின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் ஊற்றிய ஒயில்தான் பல பம்புகளின் முடிவு.

ஸ்டியரிங்கிலும் இரண்டு விதம் உண்டு. முதலாவது, பழைய ஸ்டியரிங் பெட்டியும் கம்பிகளும் அப்படியே இருக்க, ஹைட்ரோலிக் அதற்குக் கைகொடுக்கின்ற விதம். இதில் ஒயில் போனாலும் ஸ்டியரிங் பாரமாகுமே தவிர, சில்லு திரும்பும். இரண்டாவது, ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பே இல்லாத விதம். ஸ்டியரிங்கின் அடியில் உள்ள அளவுக் கருவி ஒயிலை அளந்து ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்கு அனுப்பும். அந்தச் சிலிண்டர்தான் சில்லைத் தள்ளும். இதில் பம்ப் நின்றாலும் கைப்பலத்தால் ஓரளவு திருப்பலாம். ஆனால் சிலிண்டருக்குப் போகின்ற ஹோஸ் வெடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனது மெசின் இந்த இரண்டாவது விதம். வெடித்ததும் அந்த ஹோஸ்தான். "கொஞ்சம் கசிவுதானே" என்ற பேச்சுக்கு இந்த விதத்தில் இடமில்லை என்பதை நான் வாய்க்கால் கட்டில்தான் படித்தேன்.

ஒயிலின் நிறம் சொல்லும் கணக்கு

காலையில் மெசின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் முன் சில்லுகளை நேராக வைத்து, ஸ்டியரிங் குவளையின் மூடியைத் திறவுங்கள். திறக்கு முன் மூடியைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் திறந்தால் விழுகின்ற ஒரு சிட்டிகை மண், பம்புக்குள் போய் அரம் போல வேலை செய்யும்.

ஒயில் தெளிவாக இருந்தால் நல்லது. மோர் போல, பால் தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்துக் கருகல் மணம் வந்தால் சூடு கூடிக் கெட்டிருக்கிறது. நுரைத்திருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. குவளையிலிருந்து பம்புக்கு வருகின்ற உறிஞ்சும் பக்க ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஒயில் மட்டம் குறைந்திருக்கும். இந்த இடத்தில் வெளியே ஒயில் கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே தரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டியரிங் திருப்பும்போது பம்ப் முனகுகின்ற சத்தம் கேட்டால் அந்தக் கிளிப்பைத்தான் முதலில் பாருங்கள்.

பின்பக்க ஒயிலுக்கும் இதே நிறக்கணக்குத்தான். எமது வயல்களில் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது அச்சு முழுகும் அளவுக்கு மெசின் இறங்குகிறது. அச்சுச் சீல்கள், பின்பக்கச் சுழல்தண்டின் சீல், கியர்த் தடியின் றப்பர் ஆகியவை தேய்ந்திருந்தால் அவை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வேலை முடிந்து சூடாக நிற்கின்ற மெசினை வாய்க்காலில் இறக்கிக் கழுவுகின்ற பழக்கமும் எம்மிடம் உண்டு. சூடான பெட்டி திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கின்ற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவினால் என்ன?

சந்தேகம் இருந்தால் எளிதான ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரு பழைய தாச்சியைச் சூடாக்கி, சற்று விலகி நின்று, அதில் ஒரேயொரு சொட்டு ஒயிலை விடுங்கள். சத்தமின்றிப் படர்ந்தால் தண்ணீர் இல்லை. கடுகு தாளித்தது போலப் பொரிந்தால் தண்ணீர் உண்டு. மெசின் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் அடியிலுள்ள வடிகால் ஆணியை மெல்லத் தளர்த்தினால், அடியில் தங்கியிருக்கின்ற தண்ணீர் முதலில் வரும். அதை வெளியேற்றலாம். ஆனால் ஒயில் முழுவதும் பாலாக மாறிவிட்டால் தண்ணீர் பிரியாது. முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. மாற்றும்போது வடிகால் ஆணி ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். இந்த மெசின்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கழற்றினால் பாதிக் கெட்ட ஒயில் உள்ளேயே நிற்கும். நீங்கள் காசு கொடுத்து ஊற்றிய புது ஒயிலும் அதோடு சேர்ந்து கெடும். சீலை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவதும் அதே போன்ற வேலைதான்.

கழித்த ஒயிலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். அது அடுத்த வயல்காரனின் தண்ணீர். ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்தால் எடுப்பதற்கு ஆள் இருக்கிறது.

"எந்த ஒயிலும் சரிதான்" என்ற பேச்சு

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கின்ற சகோதரர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கடைக்கு வருகின்ற பையன், "ஸ்டியரிங்குக்கு ஒயில் தாங்க" என்கிறான். கையில் அகப்பட்டதைக் கொடுத்து விடுகிறோம். அதில் மிக மோசமானது பிரேக் ஒயில். சாதாரண பிரேக் ஒயில் வேறு இனம். ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கில் உள்ள றப்பர் சீல்களை அது ஊதவைத்துக் கெடுக்கும். முதல் நாள் ஸ்டியரிங் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிறகு பம்பும் சிலிண்டரும் ஒழுகத் தொடங்கும். தெரியாமல் ஊற்றிவிட்டால் இன்ஜினை இயக்க வேண்டாம். அப்படியே முழுவதையும் கழித்துக் கழுவ வேண்டும்.

சில மெசின்களின் ஸ்டியரிங்குக்குத் தானியங்கிக் கியர்பெட்டிக்கு ஊற்றுகின்ற சிவப்பு ஒயிலைப் புத்தகம் சொல்லும். சிலவற்றுக்கு உழவு இயந்திரங்களுக்கென்றே வருகின்ற கியர், ஹைட்ரோலிக் பொது ஒயில். புத்தகம் எதைச் சொல்கிறதோ அதுதான். பின்பக்க ஒயில் வாங்கும்போது கேனின் பின்பக்கத்தைப் பாருங்கள். எம் 1135, எம் 1143 என்பது போன்ற மெசி பேர்கசன் தர எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். மூடியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். பாவித்த கேனில் வேறு ஒயிலை அடைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், தெரிந்த கடையில் வாங்கி பில்லை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைக்காரராக இருந்தால், எந்த மெசின், எந்த இடத்துக்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போக மாட்டார்.

2022ஆம் ஆண்டு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது ஒயிலும் உதிரிப்பாகமும் எப்படி ஏறின என்று நமக்குத் தெரியும். டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அப்போது பலர் ஒயில் மாற்றுவதைத் தள்ளிப் போட்டார்கள், கிடைத்ததை ஊற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்போது மிச்சம் பிடித்ததை விடப் பெரிய தொகையைப் பின்னர் பம்புக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நாட்களில் மெசினை ஊற்றிய ஒயிலோடு அப்படியே விட்டவர்கள், இன்னும் பார்க்கவில்லையென்றால், இந்த வாரமே பாருங்கள்.

பாரமா, ஆட்டமா, கசிவா?

ஸ்டியரிங் பாரமாக இருந்தால் உடனே பம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் முன் டயரில் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் எந்த ஸ்டியரிங்கையும் பாரமாக்கும். அடுத்தது முன் அச்சின் கிறீஸ் நிப்பிள்கள். மாதக்கணக்கில் கிறீஸ் காணாத புஷ் இறுகிப் போயிருக்கும். பிறகு ஒயில் மட்டம். இவை மூன்றும் சரியாக இருந்து, இன்ஜின் மெதுவாக ஓடும்போது பாரமாகவும் வேகம் கூட்டினால் இலகுவாகவும் இருந்தால், பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பாஸிடம் அழுத்தத்தை மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் மாற்றுகின்ற சாமான் பாதிக்குப் பாதி வீண் செலவு.

மெசின் ரோட்டில் அங்கும் இங்கும் இழுத்தால், முன் பக்கத்தை ஜக்கில் தூக்கி, கட்டை வைத்து, சில்லைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் புஷ், போல் ஜொயின்ட், சில்லுப் போல்பெயாரிங் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கிறது. அதற்கு ஒயில் ஊற்றிப் பயனில்லை.

கசிவைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது ஹோஸின் மேல் கையை ஓட்டித் தேடாதீர்கள். அந்தக் குழாய்களில் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேல் அழுத்தம் வரும். ஊசித் துளையிலிருந்து வருகின்ற ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வீட்டில் மருந்து போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஒரு காட்போட் துண்டைப் பிடியுங்கள். அதில் ஈரம் விழுந்தால் இடம் தெரியும்.

ஹோஸில் வெடிப்பு, வீக்கம், உள்ளே உள்ள கம்பி வலை தெரிவது, இணைப்பின் அடியில் ஈரம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மாற்றுங்கள். றப்பர் பட்டி சுற்றி, கிளிப் போட்டு ஓட்டுவது தண்ணீர்க் குழாய்க்குச் சரி. அழுத்த ஹோஸுக்கு அது வைத்தியம் அல்ல. மாற்றும்போது அழுத்தத்துக்கென்று இணைப்பு அழுத்திச் செய்த ஹோஸை வாங்குங்கள். அது சில்லு முழுவதும் திரும்பும்போது இழுபடாமலும் எங்கும் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ் மாற்றிய பின் உள்ளே காற்று இருக்கும். முன் சில்லுகள் தரையில் படாமல் தூக்கிக் கட்டை வைத்து, குவளையை நிரப்பி, இன்ஜினை மெதுவாக ஓட விட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஆறுதலாகச் சில தடவைகள் திருப்புங்கள். மட்டம் குறையக் குறைய ஊற்றுங்கள். நுரை அடங்கும்வரை செய்ய வேண்டும்.

சாரதிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. முழுவதும் திருப்பிய நிலையில் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்போது ஒயில் போக வழியின்றிப் பாதுகாப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு ஓடிச் சூடாகும். சற்று விட்டுப் பிடித்தால் போதும். நின்ற இடத்தில் திருப்பாமல், சிறிது உருளவிட்டுத் திருப்பினால் எல்லா உறுப்புக்கும் ஆயுள்.

மெசின் கொப்பி

பழைய மெசின்களில் மணி மீற்றர் வேலை செய்வது அபூர்வம். ஆகவே புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. நான் போகத்தைக் கணக்காக வைத்திருக்கிறேன். உழவு தொடங்க முன் ஒரு தடவை, உழவு முடிந்ததும் ஒரு தடவை எல்லா ஒயிலும் ஹோஸும் சீலும் பார்க்கப்படும். ஓடுகின்ற நாட்களில் காலையில் இன்ஜின் ஒயிலோடு சேர்த்து ஸ்டியரிங் குவளையும் பார்க்கப்படும். சேற்றுக்குள் இறங்கிய மெசின் என்றால் வாரம் ஒரு தடவை பின்பக்க ஒயிலின் நிறம்.

கடையில் கடன் கொப்பி இருப்பது போல மெசினுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, என்ன ஒயில், எத்தனை லீற்றர், என்ன மாற்றியது, பில் தொகை. ஊற்றிய அளவை எழுதினால்தான் கசிவு தெரியும். போன மாதம் கால் லீற்றர், இந்த மாதம் ஒரு லீற்றர் என்றால் எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம். எனது கதையிலும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஊற்றியதை யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகும் "மறுகா பாப்பம்" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

அதே கொப்பியில் இன்னொரு கணக்கும் வேண்டும். ஒவ்வொரு ஏக்கர் உழவுக்கும், ஒவ்வொரு பெட்டி வாடகைக்கும் ஒரு சிறு தொகையை மெசினுக்கென்று ஒதுக்கி வையுங்கள். கையில் வருகின்றது எல்லாம் இலாபம் அல்ல. அதில் ஒரு பகுதி தேய்ந்த இரும்பின் விலை. அதை வீட்டுச் செலவில் சேர்த்துவிட்டு, பம்ப் போகும்போது நகையை அடகு வைக்கிறோம். மெசின் நட்டம் என்று சொல்கின்ற பலரின் கணக்கு இங்கேதான் பிழைக்கிறது.

பழைய மெசின் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். பின்பக்க ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஹோஸைச் சந்தேகியுங்கள். விற்கிறவராக இருந்தால், ஸ்டியரிங்கில் குறை இருந்தால் சொல்லியே விற்றுவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த மெசினின் பெட்டியில் நாளைக்கு யாருடைய பிள்ளை ஏறும் என்று நமக்குத் தெரியாது. மற்றச் சாமான்களில் குறையை மறைத்தால் வாங்கியவனுக்குப் பண நட்டம். ஸ்டியரிங்கில் மறைத்தால் அது உயிர்க் கணக்கு.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலையிலேயே ஹோஸை மாற்றினேன். ஒன்றை மட்டும் அல்ல, ஸ்டியரிங்கின் எல்லா ஹோஸையும் மாற்றி, காற்று எடுத்து, ஒயிலும் புதிதாக ஊற்றினோம். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. வெட்டு முடியும்வரை தள்ளிப் போட்ட வேலை அரை நாள் வேலைதான். பின்னர் சாரதிக்குத் தகவல் அனுப்பினேன். அவர் வந்து, என்னோடு பேச முதல் மெசினுக்குப் போய், குனிந்து ஹோஸ் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன் பிறகுதான் சாவியைக் கேட்டார்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்டியரிங்கில் குறை என்று அவர் சொன்னால், என்னிடம் கேட்காமலே மெசினை நிறுத்தலாம். அன்றைய வாடகை போனால் அது எனது கணக்கு. உங்கள் சாரதிக்கும் அந்த உரிமையைக் கொடுத்துப் பாருங்கள். அவர் அதை வீணாகப் பாவிக்க மாட்டார்.